கத்திரி முடிந்த பிறகும் காயும் சீமை

வைகாசி நடுவில், கத்திரி வெயில் விடைபெறும் சமயத்தில், ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதிரியான செய்தி வருகிறது: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு உண்டு, வெப்பம் படிப்படியாகக் குறையும். இந்தச் செய்தியில் தவறு எதுவும் கிடையாது. ஆனால் இதைக் கேட்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்து இதன் பொருளே மாறிவிடுகிறது. இலஞ்சியில் இருக்கும் என் அத்தைக்கு அது சொன்னது சொன்னபடி நடக்கும். இரண்டொரு நாளில், "சாரல் விட்ட பாடில்ல, துணியெல்லாம் கொடியிலயே ஊறிக்கிட்டு கிடக்கு" என்று தொலைபேசியில் சொல்லத் தொடங்கிவிடுவார். பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்கு மேகம் மட்டும் வரும், சாரல் வராது. திசையன்விளைப் பக்கம் இருக்கும் சித்தி வீட்டிலோ, அந்த நாட்களில்தான் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு நடுவீடு வரைக்கும் வரத் தொடங்கும். வெக்கை இம்மியும் குறைந்திருக்காது. இந்த மூன்று ஊர்களும் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஒரே மாவட்டத்தில் இருந்தவை.

நம் சீமையில் கோடை எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. மலையடிவாரத்தில் தொடங்கிக் கிழக்கே செம்மணல் மேடுகளான தேரிக்காடு வரை அது ஊர் ஊராக, வாரக்கணக்கான இடைவெளியில் முடிகிறது. கிழக்குத் தாலுகாக்களில் புரட்டாசி வரைக்கும் முடியாமலேயே இழுக்கிறது. அப்படியிருக்க, வெயில் தணிகிறது என்ற பொதுவான ஓர் அறிவிப்பை நம்பி எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் முன்னெச்சரிக்கைகளைக் கைவிடுவது எனக்கு நெடுநாளாகக் கவலை தரும் விஷயமாக இருந்து வருகிறது. வானிலை அறிவிப்பை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும், இந்தப் பருவ மாற்றம் நம் மண்ணில் உண்மையில் எப்படி நிகழ்கிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சூரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எட்டே முக்கால் டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் திருநெல்வேலியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், அதாவது சித்திரை பிறப்பதை ஒட்டி. அன்று நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28ஆம் தேதியை ஒட்டி முடியும் அக்னி நட்சத்திரக் காலத்தில் சூரியன் நமக்கு வடக்கே வெகுதூரம் போய்விட்டிருக்கும். அப்படியும் அந்த நாட்களில் வெயில் கூடுதலாகச் சுடுவதற்குக் காரணம், பங்குனியிலிருந்து காய்ந்து கிடக்கும் தரை சேர்த்து வைத்த சூடும், குளங்கள் வற்றிப்போனதால் ஆவியாகித் தணிக்க ஈரம் இல்லாமல் போவதும், காற்று அசையாமல் நின்றுவிடுவதும்தான். ஆகவே இந்த வெப்பத்தைச் சூரியன் முடித்துவைப்பதில்லை. காற்றும் மேகமும் முடித்துவைக்கின்றன. அந்தக் காற்று எந்த வழியாக நுழைகிறது, வழியில் எதையெல்லாம் இழந்துவிட்டு வருகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு தொடங்குகிறது.

பருவக்காற்று வருவதற்கு முன்னால் ஒரு குழப்பமான இடைக்காலம் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் காலை முழுவதும் புழுங்கிவிட்டுப் பிற்பகலில் மலைப்பக்கம் கருத்து, இடியும் சூறைக்காற்றுமாகக் கோடை மழை இறங்கும். நகரத்தில் இருப்பவர்கள் இதைக் கொண்டாடுவோம்; ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை பத்து டிகிரி வரை இறங்கிவிடுவதும் உண்டு. களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடிப் பக்கத்து வாழை விவசாயிகளுக்கோ இதுதான் ஆண்டின் மிக மோசமான நேரம். அந்தப் பக்கத்து ஏத்தன் வாழை குலை தள்ளி, தார் கனத்துத் தலைபாரமாக நிற்கும் சமயத்தில் இந்தச் சூறை வருகிறது. கம்பு ஊன்றி முட்டுக் கொடுத்திருந்தாலும், தண்டு நடுவில் முறிந்து வயல் முழுக்க ஒரே திசையில் சாய்ந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அறுவடைக்கு இருபது, முப்பது நாட்களே இருக்கும் தார், பச்சையாகவும் முழுதாகவும் இருக்கும், ஆனால் விலை போகாது. வெயில் தணிந்தது என்று ஊரே பெருமூச்சு விடும் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த இடைக்காலம் உயிருக்கும் ஆபத்தானது. 2024ஆம் ஆண்டின் ஏப்ரல் இறுதியும் மே தொடக்கமும் தமிழகம் முழுவதும் கடுமையாகக் காய்ந்தன. மே நடுவில் மழை தொடங்கி, மக்கள் ஆசையாக அருவிக்குப் போன நேரத்தில், 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அருவியின் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டுக்குள் மேகம் உடைந்து கொட்டிவிடும். அருவியில் குளிப்பவர்களுக்கு அது தெரியாது. வெப்பம் விலகும் வாரங்களில் மலையடிவாரத்துக்கு வரும் மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கைகளை, "நல்லவேளை மழை வருகிறது" என்ற மகிழ்ச்சியோடு மட்டும் படித்துவிடக் கூடாது என்று சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

இனி, தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்ற அறிவிப்புக்கு வருவோம். அதன் இயல்பான நாள் ஜூன் 1. 2023இல் அது ஜூன் 8ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. 2024இல் மே 30ஆம் தேதி வந்தது. 2025இல் மே 24ஆம் தேதியே வந்து, 2009க்குப் பிறகு மிக முன்கூட்டி வந்த ஆண்டாகப் பதிவானது. இந்திய வானிலை ஆய்வுத் துறை இதை அறிவிப்பதற்கு வகுத்துவைத்திருக்கும் விதிகள் தெளிவானவை. மே 10ஆம் தேதிக்குப் பிறகு, குறித்துவைத்த 14 நிலையங்களில் 60 விழுக்காட்டு இடங்களிலாவது அடுத்தடுத்து இரண்டு நாட்கள் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்திருக்க வேண்டும். மேற்குக் காற்று போதிய உயரத்துக்கும் வேகத்துக்கும் பரவியிருக்க வேண்டும். அரபிக்கடலின் மேல் மேகம் போதிய அளவு திரண்டிருக்க வேண்டும். அந்த 14 நிலையங்களும் லட்சத்தீவுகளிலும் கேரளத்திலும் மங்களூருவிலும் இருப்பவை. தமிழகத்தின் ஓர் ஊர்கூட அந்தப் பட்டியலில் கிடையாது. அதாவது அந்த அறிவிப்பு நம்மைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது.

அந்தப் பட்டியலில் நமக்கு மிக நெருக்கமான ஊர் புனலூர். செங்கோட்டையிலிருந்து ரயில் பாதையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். நான் என் சொந்தக் கணக்குக்காக வைகாசி மாதத்தில் நாள்தோறும் பார்ப்பது புனலூரின் மழை அளவைத்தான். ஏனென்றால் அங்கே விட்டுவிடாமல் பெய்யத் தொடங்கினால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அதன் ஈரமான காற்று செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் வந்துசேர அதிக நேரம் ஆவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் அகலமாகத் திறந்திருப்பதைப் போல அன்றி இங்கே ஒடுக்கமாகத்தான் திறந்திருக்கிறது. ஆனால் அந்த ஒடுக்கமான திறப்புத்தான் குற்றாலத்துக்குச் சீசனையும் தென்காசிக்குக் குளிர்ந்த ஆனி, ஆடி மாதங்களையும் கொடுக்கிறது.

இந்தக் காற்று கிழக்கே வர வர எப்படி மாறுகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள், ஜூன் மாத நடுவில் ஒரு பகல் பொழுதில் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கும் ரயிலில் வந்து பார்க்க வேண்டும். தென்மலையில் மழை ஜன்னலுக்குள் அடிக்கும். பயணிகள் எல்லோரும் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டிருப்பார்கள். ஆரியங்காவைத் தாண்டிக் குகைக்குள் நுழைந்து வெளியே வந்து பகவதிபுரம் நிலையத்தை நெருங்கும்போது மழை சாரலாகிவிட்டிருக்கும். ஒவ்வொருவராகப் பலகையை ஏற்றத் தொடங்குவார்கள். செங்கோட்டையிலும் தென்காசியிலும் வெயிலுக்கு நடுவிலேயே பூப்போலச் சாரல் விழுந்துகொண்டிருக்கும், முகத்தில் படும் காற்று ஜில்லென்று இருக்கும். பாவூர்சத்திரத்தில் காற்று மட்டும் பலமாக இருக்கும், துளி விழுந்தால் அதிர்ஷ்டம். கீழக்கடையத்தில் மலை பக்கத்திலேயே மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும், தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வரை வயலும் வாய்க்காலும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். வீரவநல்லூர் தாண்டியதும் காற்றில் இருந்த ஈரம் தீர்ந்துபோய்விட்டது உதட்டிலேயே தெரியும். சேரன்மகாதேவி, பேட்டை என்று வந்து திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கும்போது அதே காற்று அனலாக மாறியிருக்கும்.

பெட்டிக்குள் ஏறி வந்த அந்தக் காற்று வேறு எங்கிருந்தும் வரவில்லை. அதே அரபிக்கடல் காற்றுத்தான். அது ஏன் அனலாகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. திருவனந்தபுரத்துக் கரையில் 30 டிகிரியில் இருக்கும் ஈரக் காற்று மலையில் ஏறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 500 மீட்டர் ஏறும்போது ஏறக்குறைய 5 டிகிரி குறைந்து 25 ஆகும். அங்கே மேகம் கட்டிவிட்டால், ஆவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே சேர்வதால் அதன் பிறகு அது மெதுவாகத்தான் குளிரும். அடுத்த 1,000 மீட்டருக்கு இன்னொரு 5 டிகிரி குறைந்து உச்சியில் 20 டிகிரி இருக்கும். சுமந்துவந்த ஈரத்தில் பெரும்பகுதியை அந்தப் பக்கத்திலும் மலைமுகட்டிலும் மழையாகக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக நம் பக்கம் இறங்கும்போது, ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி வீதம் சூடேறும். 1,500 மீட்டர் இறங்கி அடிவாரத்துக்கு வரும்போது அதன் வெப்பநிலை 35 டிகிரி. கடற்கரையில் 30 டிகிரியாகக் கிளம்பிய காற்று, வெயில் ஒரு பொட்டுகூடச் சேராமலே, மலையைத் தாண்டி வந்த ஒரே காரணத்தால் 5 டிகிரி கூடியிருக்கிறது. இதற்கு மேல்தான் நம் கரிசல் தரையும் தார்ச்சாலையும் வெயிலை வாங்கித் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம்; அதைச் சுற்றிய பொதிகைத் தொடர் முழுவதும் நம் மேற்குச் சுவராக நிற்கிறது. அந்தச் சுவர் நமக்குத் தாமிரபரணியைக் கொடுக்கிறது, அதே சுவர்தான் நம் சமவெளியின் மழையைத் தடுக்கவும் செய்கிறது.

பாளையங்கோட்டையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் பகல் வெப்பநிலை சராசரியாக 36, 37 டிகிரியை ஒட்டியே நிற்பதற்குக் காரணம் இதுதான். மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் மே மாதத்துக்கும் ஜூலைக்கும் இடையே உணரப்படும் இறக்கம் இங்கே மிகச் சிறியது. காற்று பலமாக வீசும் நாளில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து பிற்பகலில் உள்ளே வர வேண்டிய கடற்காற்றை மேல்காற்று திருச்செந்தூர்க் கரையிலேயே மறித்து நிறுத்திவிடும். மேல்காற்று சற்று ஓயும் நாளில்தான் கடற்காற்று பாளையங்கோட்டை வரை எட்டிப் பார்க்கும்; அன்று மாலை ஊரே மொட்டைமாடியில் இருக்கும். பருவமழை தீவிரம் என்ற செய்தி வரும் நாட்களில் கிழக்குப் பகுதி அதிகம் காய்வதும், பருவமழை சற்று ஓய்ந்தது என்ற செய்தி வரும் நாட்களில் இங்கே மாலையில் இடிமழை கிடைப்பதும் இப்படித்தான் நேர்கின்றன.

நாளிதழ்களில் மாவட்ட நிர்வாகத்தின் மழை அளவுப் பட்டியல் ஒரு மூலையில் வரும். அதை நான் விடாமல் படிப்பேன். ஆனி மாதத்து நாளொன்றில் அதைப் பார்த்தால் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று மலை மேல் இருக்கும் நான்கு இடங்களுக்கும் எண்கள் இருக்கும்; அடிவாரத்துப் பாபநாசத்துக்கு ஏதோ சிறிய எண் இருக்கும்; பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் ஆகியவற்றுக்கு எதிரே சுழியம் இருக்கும். மாவட்டத்தின் சராசரி மழை என்று இவற்றையெல்லாம் கூட்டி வகுத்து ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண் மாஞ்சோலைக்கும் பொருந்தாது, ராதாபுரத்துக்கும் பொருந்தாது. மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்று வரைபடத்தில் பூசப்படும் எச்சரிக்கைக்கும் இதே குறை உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை என்றால், மே முதல் செப்டம்பர் வரை, அதைப் பெரும்பாலும் மாஞ்சோலைச் சரகத்துக்கும் அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குமான எச்சரிக்கையாகவே நான் படிக்கிறேன். அதிக மழை என்ற அந்தச் சொல்லைக் கேட்டுத் திசையன்விளையில் யாரும் வெயிலுக்கான ஏற்பாட்டைக் கைவிடலாகாது.

ஆனால் அந்த மலை மழை சமவெளிக்கு வேறு வழியில் வந்து சேர்கிறது. பாபநாசம் அணையின் உச்ச மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. தென்மேற்குப் பருவத்தில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் செங்கோட்டைக்கு மேற்கே இருக்கும் சிறிய குண்டாறு அணைதான். அது நிரம்பி வழிகிறது என்ற செய்தி வந்தால் சீசன் நன்றாக அமைந்திருக்கிறது என்று மேற்குப் பக்கத்தார் எடுத்துக்கொள்வார்கள். இருப்பு போதுமானதாக இருந்தால் கார் சாகுபடிக்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் பாபநாசம் அணையைத் திறப்பார்கள். நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் வழியாக அந்தத் தண்ணீர் வந்து வயலில் பரவும்போது, அனல் காற்றுக்கு நடுவிலும் கால்வாய்க்கரை ஊர்கள் மட்டும் இரண்டு மூன்று டிகிரி ஆறிவிட்டதைப் போல உணர்வேன். வயலில் நிற்கும் நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பாளையங்கால்வாய்ப் பாசன வயல்கள் வீட்டுமனைகளாக மாற மாற நகரம் இந்தக் குளிர்ச்சியையும் சேர்த்தே இழந்து வருகிறது. அணை திறக்கப்படாத ஆண்டில் கார்ப் பயிர் மட்டும் இல்லாமல் போவதில்லை, ஊரின் குளிர்ச்சியும் போய்விடுகிறது.

காற்றால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும், ஆரியங்காவுக் கணவாய்க்கு நேர் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு வட்டாரங்களிலும் நிற்கும் காற்றாலைகள் மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை இரவும் பகலும் சுற்றி மாநிலத்துக்கு மின்சாரம் கொடுக்கின்றன. நெல்லையில் இருந்துகொண்டு பருவம் மாறிவிட்டதா என்று அறிவதற்கு ஆலங்குளம் சாலையில் ஒருமுறை போய் வந்தால் போதும். காலை எட்டு மணிக்கே எல்லா இறக்கைகளும் மேற்கைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தால் மேல்காற்று நிலைத்துவிட்டது என்று பொருள். பிற்பகலில் மட்டும் சுற்றினால் இன்னும் நிலைக்கவில்லை.

வறண்ட மேல்காற்று உடலை வருத்தும் விதம் சித்திரைப் புழுக்கத்திலிருந்து வேறுபட்டது. சித்திரையில் வியர்வை வழிந்தோடும், அதனால் தாகம் தெரியும், மனிதர் தாமாகவே நிழல் தேடுவார். ஆனி மாதத்து மேல்காற்றில் வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடும். சட்டை நனையாது. அதனால் உடம்பில் நீர் குறைவது தெரியாமலே போய், மாலையில் தலைவலியும் மறுநாள் காலையில் நீர்க்கடுப்புமாக வெளிப்படும். மண்பானைத் தண்ணீர் வைகாசியைவிட ஆனியில் அதிகமாகக் குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான்: காற்று வறண்டிருக்கும் அளவுக்குப் பானையின் மேற்பரப்பில் ஈரம் வேகமாக ஆவியாகிறது. பானைக்கு நல்லது செய்யும் இந்தக் காற்று மனிதருக்கும் குளிர்ச்சி தருவதாகத்தான் தோன்றும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பவருக்கு அது உண்மையும்கூட. குடிக்க நேரமில்லாத வேலையில் இருப்பவர்களுக்கு அது ஆபத்து.

அப்படிப்பட்ட வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முக்கூடலில் என் மதினி ஒருவர் பீடி சுற்றுகிறார். தென்காசி, ஆலங்குளம், மேலப்பாளையம், முக்கூடல் என்று நம் சீமை முழுவதும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தபடி செய்யும் வேலை இது. மடியில் தட்டு, தட்டில் ஒரு பக்கம் வெட்டிய இலை, இன்னொரு பக்கம் தூள். மேல்காற்று வீசும் மாதங்களில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். "காத்தாடியப் போட்டா தூளு பறந்துரும், நிறுத்துனா உசுரு போவுது" என்றார் ஒருமுறை. நனைத்து ஈரச்சாக்கில் பொதிந்து வைத்த இலைகூட இந்தக் காற்றில் சீக்கிரம் காய்ந்து, மடக்கும்போது விரிந்துவிடுகிறது; விரிந்த இலைக் கணக்கு அவர் கூலியில்தான் கழியும். ஓட்டு வீடாக இருந்தபோதாவது பரவாயில்லை, இப்போது தகரக் கூரையும் தாழ்ந்த தளமுமாக வந்துவிட்ட அறைகளில், சாத்திய கதவுக்குள், ஜூலை மாதத்து நண்பகலில் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, "தென்மாவட்டங்களில் வெப்பம் தணிந்தது" என்ற செய்தியால் என்ன பயன்? வெளியில் வேலை செய்பவர்களைப் பற்றியே பேசும் வெப்ப எச்சரிக்கைகளில் இவர் எங்குமே வருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

வெப்ப அலை என்பதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வரையறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சமவெளியில் பகல் வெப்பநிலை 40 டிகிரியை எட்டவும் வேண்டும், இயல்பைவிட நாலரை டிகிரி கூடுதலாக இருக்கவும் வேண்டும். அல்லது நேரடியாக 45 டிகிரியை எட்ட வேண்டும். கடற்கரைக்கு அந்த அளவு 37 டிகிரி, அதுவும் இயல்பைவிட நாலரை டிகிரி கூடுதலாக இருக்கும்போது. பாளையங்கோட்டையின் ஜூன் மாத இயல்பே 37ஐ ஒட்டி இருப்பதால், வெப்பநிலை 40 டிகிரிக்குப் போனாலும் இயல்பைவிட மூன்று டிகிரிதான் கூடுதல் என்று கணக்காகி, வெப்ப அலை என்ற சொல் பொருந்தாமல் போய்விடும். எப்போதும் சூடாக இருக்கும் ஊருக்கு, எப்போதும் சூடாக இருக்கிறது என்பதாலேயே எச்சரிக்கை கிடைக்காத நிலை இது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தது மிக நல்ல முடிவு. நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நெல்லையின் கிழக்குத் தாலுகாக்களில் ஆனி, ஆடி மாதங்களில் வாரக்கணக்காகத் தொடரும் 38, 39 டிகிரியும், இரவிலும் 26, 27க்குக் கீழே இறங்காத வெப்பநிலையும், அந்தச் சொல்லுக்குள் அடங்காமலே ஆட்களை வதைக்கின்றன.

பள்ளித் திறப்பும் இந்தக் கணக்கில் வருகிறது. 2023இல் வெயிலின் காரணமாகப் பள்ளிகள் ஜூன் 12ஆம் தேதிக்கும் (தொடக்க வகுப்புகள் 14ஆம் தேதிக்கும்), 2024இல் ஜூன் 10ஆம் தேதிக்கும் தள்ளிவைக்கப்பட்டன. சென்னைக்கும் வட மாவட்டங்களுக்கும் அந்தச் சில நாட்கள் உதவியிருக்கலாம். நாங்குநேரி, ராதாபுரம் பிள்ளைகளுக்கு ஒரு வாரத் தள்ளிவைப்பால் வெயில் குறையப்போவதில்லை. அவர்களுக்குத் தேவையானவை காலை இறைவணக்கக் கூட்டத்தைத் திறந்தவெளியில் நீட்டாமல் இருப்பதும், விளையாட்டு வகுப்பை நண்பகலில் வைக்காமல் இருப்பதும், தண்ணீர் மணி அடிப்பதும்தான். இவற்றை ஜூன் இரண்டாம் வாரத்தோடு நிறுத்தாமல் செப்டம்பர் இறுதி வரை தொடர வேண்டும். நீர்மோர்ப் பந்தல்களுக்கும் இதையே சொல்வேன். சித்திரையில் கட்சிக்காரர்களும் வியாபாரிகளும் ஆர்வமாகத் திறக்கும் பந்தல்கள், கேரளத்தில் மழை என்ற செய்தி வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. தென்காசியில் பிரிக்கட்டும். வள்ளியூரிலும் திசையன்விளையிலும் பாளையங்கோட்டையிலும் அவை நிற்க வேண்டும். ஊரக வேலைத் திட்டப் பணிகளின் நேரத்தையும் அந்தந்த ஒன்றியத்தின் வெயிலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வரும் வாரங்களுக்கான அறிவிப்பைப் படிக்கும் முறையைப் பற்றி என் பழக்கத்தைச் சொல்கிறேன். வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த சில வாரங்களுக்கான நீண்டகாலக் கணிப்பை வெளியிடுகிறது. அதில் நான் மழையின் அளவைவிட மேற்குக் காற்றின் பலத்தையே முதலில் பார்ப்பேன். காற்று வலுக்கும் என்றால், செங்கோட்டை, தென்காசி, கடையம் வரை குளிரும், சின்ன வெங்காயத்தைக் களத்தில் காயவைத்திருக்கும் மேற்குப் பக்கத்து விவசாயி அதை மூடிவைக்கத் தொடங்க வேண்டும். அதே வாரத்தில் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே வெக்கையும் புழுதியும் கூடும். காற்று தளரும் என்றால், குற்றாலத்தில் அருவி மெலியும், மேற்கே புழுங்கும், கிழக்கே மாலையில் கடற்காற்றுக்கும் இடிமழைக்கும் வழி பிறக்கும். நாள் அளவில் பார்க்க வேண்டுமென்றால் புனலூர் மழை, பாபநாசம் அணைக்கு வரும் நீரின் கனஅடி, பாளையங்கோட்டையின் குறைந்தபட்ச வெப்பநிலை ஆகிய மூன்றும் போதும். குறைந்தபட்ச வெப்பநிலையை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அதுதான் முக்கியம். இரவில் உடல் ஆறாவிட்டால் அடுத்த நாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது.

மேற்குக் காற்று ஆவணியில் தளரத் தொடங்கும். ஆனால் ஆகஸ்ட் இறுதியில் சூரியன் தெற்கே திரும்பும் வழியில் மீண்டும் ஒருமுறை நம் உச்சிக்கு வருகிறது. அதனால் ஆவணி, புரட்டாசி மாதங்களில் காற்றின் உதவியும் இல்லாமல், மேகத்தின் மறைப்பும் இல்லாமல், சமவெளி இன்னொரு சிறு கோடையைக் கடக்கிறது. குளங்கள் அனேகமாக அப்போதுதான் முற்றிலும் காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழையின் இயல்பான தொடக்கம் அக்டோபர் 20ஐ ஒட்டி. ஐப்பசியில் காற்று திசை மாறி வங்கக்கடலிலிருந்து வரத் தொடங்கிய பிறகுதான் பாளையங்கோட்டையில் பகல் வெப்பம் 33, 32 என்று உண்மையாகவே இறங்கும். நம் சமவெளியின் ஆண்டு மழையில் பெரும்பங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது, பிசானச் சாகுபடியும் அதை நம்பித்தான் நடக்கிறது. மேற்கே வைகாசி இறுதியில் முடிந்துவிடும் கோடை, கிழக்கே வந்து முடிவதற்கு இத்தனை மாதங்கள் எடுக்கிறது. தாலுகா வாரியாக வெப்பக் கணிப்பு வெளியிடுவதும், தானியங்கி வானிலை நிலையங்களின் வெப்பநிலையை மழை அளவைப் போலவே நாள்தோறும் ஊர் வாரியாக நாளிதழ்களுக்குக் கொடுப்பதும் செய்யக்கூடிய காரியங்கள்தான். மழை அளவுப் பட்டியல் வரும் அதே மூலையில், அதே ஊர்ப் பெயர்களுக்கு எதிரே, பகல் வெப்பநிலைக்கும் இரவு வெப்பநிலைக்கும் இன்னும் இரண்டு பத்திகளைச் சேர்த்தால் போதும்.